அப்பா தூக்கிய கை

சட்டக் கல்லூரியில் அரசியலமைப்புச் சட்டம் நடத்துகிறவள் நான். முகப்புரை, அடிப்படை உரிமைகள் எல்லாம் தடங்கலில்லாமல் ஓடிவிடும். எழுபத்து மூன்றாவது திருத்தம் வரும்போது மட்டும் அப்பாவின் வெள்ளைச் சட்டை நினைவுக்கு வந்து எனக்குச் சிரிப்பு வந்துவிடும். உள்ளாட்சியில் பெண்களுக்கு இடம் ஒதுக்கிய திருத்தம் அது. டெல்லியில் நிறைவேறி, குடவாசலுக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் ஊருக்கு அது வந்து சேர்ந்தபோது நான் நான்காம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தேன். வந்தது எங்கள் அம்மாவின் உருவத்தில்.

எங்கள் தெரு முழுக்க, தலைமுறை தலைமுறையாகப் பிறர் வயலில் கூலிக்கு இறங்கிய குடும்பங்கள். அம்மா நடவுக்கு ஆள் கூட்டிக்கொண்டு போகிறவள். வரிசை கோணினால் சொந்த நாத்தனாராக இருந்தாலும் விடமாட்டாள். ஊராட்சித் தலைவர் பதவி பெண்களுக்கு என்று வந்ததும், பேருக்கு ஒருத்தி இருந்துவிட்டுப் போகட்டும் என்றுதான் மேலத்தெருப் பெரிய மனிதர்கள் அவளை நிற்க வைத்தார்கள்.

ஜெயித்தது அம்மா. தலைவரானது என்னவோ அப்பாதான். கும்பகோணத்துக்குப் போய் வெள்ளைச் சட்டை தைத்துக்கொண்டு வந்தார். டீக்கடையில் எல்லோரும் "வாங்க தலைவரே" என்பார்கள். அப்பாவும் மறுக்கமாட்டார், மறுக்கிற மாதிரி லேசாகச் சிரிப்பார். கூட்டங்களில் தலைவர் நாற்காலியில் அவர் உட்காருவார், அம்மா பின்னால் நிற்பாள். எனக்கோ பெருமை தாங்கவில்லை. "எங்கப்பாதான் தலைவர்" என்று பள்ளிக்கூடம் முழுக்கச் சொல்லி வைத்திருந்தேன்.

அந்த வருடம் மே மாதக் கிராம சபை எங்கள் பள்ளிக்கூடத்துப் புங்க மரத்தடியில் கூடியது. விஷயம் வாய்க்கால் தூர்வாருவது. முந்தைய வருடம் கடைமடைக்குத் தண்ணீர் எட்டாமல், நாங்கள் விட்ட குறுவை நாற்று நாற்றங்காலிலேயே கருகிப்போனது. எங்கள் தெருவில் குத்தகைக்குப் பயிர் வைத்திருந்தவர்கள் எல்லோருக்கும் கடைமடையில்தான் வயல். வந்திருந்த பணமோ பாதி வாய்க்காலுக்குத்தான் காணும். மேலேயிருந்து தொடங்கினால் பாதியில் நின்றுவிடும். கீழேயிருந்து தொடங்கினால் கடைமடை பிழைக்கும். மேலே வாய்க்கால் நல்ல அகலம், அங்கே தண்ணீருக்கு எப்போதும் குறைவில்லை.

மேலேயிருந்தே தொடங்குவது என்று மேலத்தெருக்காரரான முன்னாள் தலைவர் காலையில் டீக்கடையில் சொல்ல, அப்பாவும் தலையாட்டிவிட்டு வந்தார். முன்னாள் தலைவருக்குத் தலைமடையில் நிறைய நிலம். கடைமடையில் நாங்கள் குத்தகைக்குச் செய்த வயலும் அவருடையதுதான்.

"எல்லாம் பேசி முடிச்சாச்சு" என்று அப்பா வீட்டில் வந்து சொன்னார்.

"சபையே இன்னும் கூடலையே, யாரு முடிச்சா?" என்று கேட்டுவிட்டு அம்மா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு கிளம்பினாள்.

அவள் போய்ச் சேர்வதற்குள் அப்பா வழக்கம்போல நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அம்மா நேராக அவர் முன்னால் போய் நின்றாள்.

"ஏங்க, எந்திரிங்க. அப்படிச் சனங்களோட போய் உக்காருங்க."

குரலை உயர்த்தவில்லை. ஆனால் கூட்டம் முழுக்கக் கேட்டது. அப்பா எழுந்து, வேட்டியைத் தட்டிவிட்டுக்கொண்டு, ஜமுக்காளத்தில் போய் உட்கார்ந்தார். "உங்கப்பாதான் தலைவர்னியேடி" என்று பக்கத்திலிருந்த என் வகுப்புக்காரி என் இடுப்பில் இடித்தாள். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

செயலர் தீர்மானத்தை வாசித்தார். கடைமடையிலிருந்து தொடங்குவதாக அதைத் திருத்த வேண்டும் என்றாள் அம்மா. முன்னாள் தலைவர் சிரித்தார்.

"எழுதுன தீர்மானத்த மாத்துற வழக்கம் நம்ம ஊர்ல இல்லம்மா. ஒன் வீட்டுக்காரரையே கேளு, காலையிலயே பேசிட்டோம்."

"அம்மாம் பெரிய சட்டத்தையே திருத்தித்தாங்கய்யா என்னைய இந்த நாக்காலியில உக்கார வச்சிருக்காங்க. ஒரு தீர்மானத்தைத் திருத்துனா என்ன கொறஞ்சுபோயிடும்?" என்ற அம்மா, கூட்டத்தைப் பார்த்து, "சம்மதம்னா கை தூக்குங்க" என்றாள்.

ஒரு கையும் எழவில்லை. முன்னாள் தலைவர் நிலத்தில் வேலை செய்யாதவர்களோ குத்தகை எடுக்காதவர்களோ எங்கள் தெருவில் குறைவு. ஆளாளுக்கு ஜமுக்காளத்தின் கோடுகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அப்போது வெள்ளைச் சட்டைக் கை ஒன்று மெதுவாக மேலே போனது. அப்பா.

எங்கள் வகுப்பில் ஒன்றுக்குப் போக வேண்டுமென்றால்தான் கை தூக்குவோம். அவமானம் தாங்காமல் அப்பா வெளியே போக அனுமதி கேட்கிறார் என்று நினைத்தேன். அம்மா விட்டுவிட்டால் தேவலை என்றிருந்தது. அவளோ அவரையே பார்த்துக்கொண்டிருந்தாளே ஒழிய, போகச் சொல்லவில்லை. பிறகு அப்பாவுக்குப் பின்னால் ஒரு கை, அதற்குப் பக்கத்தில் இன்னொன்று. அடுத்து நடவுக்காரப் பெண்கள் அத்தனை பேரும். இத்தனை பேரும் எழுந்து போய்விட்டால் கூட்டம் என்னாவது என்று எனக்குக் கவலை வந்துவிட்டது.

கடைமடையிலிருந்தே தூர்வாரினார்கள். மேட்டூர் திறந்து தண்ணீர் வந்த அன்று அப்பா என்னையும் வயலுக்குக் கூட்டிக்கொண்டு போனார். சருகையும் நுரையையும் தள்ளிக்கொண்டு புதுத்தண்ணீர் எங்கள் மடையில் நுழைந்தது. வரப்பில் எதிர்ப்பட்ட ஒருவர் "என்ன தலைவரே" என்றார். "தலைவர் ஆபீஸ்ல இருக்காங்க" என்றார் அப்பா, சத்தமாக.

நான் மனதில் வைத்திருந்ததை அங்கேதான் கேட்டேன்.

"அன்னைக்கு வெளியில போகணும்னு கை தூக்குனீங்களே, அம்மா ஏம்ப்பா விடல?"

அப்பா விழுந்து விழுந்து சிரித்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "நல்லவேளை, விடல" என்றார்.

இந்தக் குறுவையோடு குத்தகையை விட்டுவிட வேண்டும் என்று கிராம சபை நடந்த அன்று சாயங்காலமே முன்னாள் தலைவர் ஆள் அனுப்பியிருந்தார். அது எனக்கு அப்போது தெரியாது. தண்ணீர் வந்ததற்கு ஒரு மனிதர் இவ்வளவு சந்தோஷப்படுவாரா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். அடுத்த வருடம் அந்த மடையில் தண்ணீர் பாயும், வயல் எங்கள் கையில் இருக்காது என்பது தெரிந்துதான் அவர் அங்கே நின்றுகொண்டிருந்தார்.