சேவியர் அண்ணன் ஒரு ஸ்கேனையும் தவறவிட்டதில்லை

இத்தனை நாள் வாய்மூடி இருந்தது போதும். வெள்ளிக்கிழமை காலை, சேவியர் அண்ணன் காலமானார் என்ற செய்தி தொலைபேசியில் வந்தது. மாலைக்குள் இந்தச் சமூகப் பக்கத்தில் அஞ்சலிகளோடு ஓர் அறிவுரையும் வந்தது: “ஒழுங்காகச் செக்கப்புக்குப் போயிருந்தால் தப்பியிருப்பார்.” எழுதியவர் ஒருநாளும் அவரை ஆஸ்பத்திரியில் எட்டிப் பார்க்காதவர். அதற்கும் பலர் கைகூப்பும் குறி போட்டிருந்தார்கள்.

அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். அண்ணன் மன்னாரில் பிறந்து இந்த நாட்டில் குடியேறியவர். இங்கே மவுண்ட் வெல்லிங்டன் பகுதியில் நசுங்கிய கார்களைத் தட்டி நிமிர்த்தும் பட்டறை வைத்திருந்தார். நான் மதுரைக்காரன். எங்களைச் சேர்த்துவைத்தது தைமஸ். நெஞ்செலும்புக்குப் பின்னால் இருக்கும் சிறு சுரப்பி. இருவருக்கும் அதில் கட்டி. ஒரே வாரத்தில் அறுவை சிகிச்சை, பக்கத்துப் பக்கத்துக் கட்டில்.

“தம்பி, உம்மட கட்டி எவ்வளவு?”

“ஆரஞ்சு சைஸாம்ணே. நுரையீரலோட ஒட்டியிருந்துச்சாம்.”

“என்ர தேசிக்காய் அளவுதான். பெரிய படிப்புப் படிச்ச ஆளெண்டா கட்டியும் பெரிசாத்தான் வரும்.”

பிளந்து கட்டிய நெஞ்சு, சிரித்தால் உயிர் போகும். தலையணையை மார்போடு இறுக்கிக்கொண்டு, “சிரிக்க வைக்காதீங்கண்ணே” என்று கெஞ்சினேன்.

அவருடைய கட்டி உறை கிழியாமல் முழுதாக வந்துவிட்டது. எனக்கு நுரையீரலிலும் ஒரு துண்டை வெட்டினார்கள், கதிர்வீச்சும் கொடுத்தார்கள். நீண்ட விடுப்பில் வேலை போனது. அந்த நிறுவனத்தை நான் இன்னும் மன்னிக்கவில்லை. எலுமிச்சை அளவே இருந்த அண்ணனின் தேசிக்காய் மீதுகூடப் பொறாமைப்பட்டேன். ஆனால் மருத்துவர் இருவருக்கும் ஒன்றையே சொன்னார்: முழுதாக எடுத்தாலும் பல ஆண்டுகள் கழித்துத் திரும்பலாம், ஆண்டுதோறும் ஸ்கேன் வேண்டும்.

முடிவு கேட்கும் நாளை இருவருக்கும் ஒன்றாகவே கேட்டு வாங்கிவிடுவார் அண்ணன். பிறகு ஏவன்டேலில் அவர் வீட்டில், மனைவி ஸ்டெல்லா அக்கா பொரித்துவைத்திருக்கும் மட்டன் ரோல்ஸ். அடுத்த ஞாயிறு தேவாலயத்தில் நன்றிப் பூசை. அதில் இரண்டு பெயர்கள் வாசிக்கப்படும்.

“நான் சாமி கும்பிடுறதையே விட்டுட்டேன்ணே.”

“நீர் விட்டா விடும். நான் உம்மட பேரையும் சேர்த்துக் குடுத்திட்டன்.”

ஏழாம் ஆண்டு முதலில் என்னைக் கூப்பிட்டார்கள். ஒன்றுமில்லை. அடுத்து உள்ளே போன அண்ணன் மெதுவாக வெளியே வந்தார்.

“திரும்பி வந்திட்டுது தம்பி. நுரையீரலைச் சுத்தின சவ்வில, அரிசி தூவின மாதிரியாம்.”

அந்தக் கணத்தில் என் மனத்தில் முதலில் எழுந்தது துக்கமல்ல. ‘எனக்கு இல்லை’ என்ற நிம்மதி. அதன் பிறகுதான் துக்கம் வந்தது.

“உமக்கு?”

“ஒண்ணுமில்லைண்ணே.”

“அதை ஏன் களவெடுத்த ஆள் மாதிரிச் சொல்லுறீர்? வாரும், ரோல்ஸ் ஆறப்போகுது.”

அண்ணனுக்கு மறுபடியும் வெட்டினார்கள். சில நல்ல ஆண்டுகள் கிடைத்தன, பட்டறைக்கும் போனார். கட்டி மீண்டும் வந்தபோது, இனி வெட்டுவதற்கில்லை என்றார்கள். கடைசியாகப் பார்க்கப் போனபோது என் ஸ்கேன் எப்போது என்று கேட்டார். இந்த வருடம் போகப் பிடிக்கவில்லை என்றேன். அவர் என் மீது கோபப்பட்டது அந்த ஒருமுறைதான்.

“விசர்க்கதை கதையாதையும். நேரத்தோட பிடிச்சபடியாத்தான் எனக்கு இவ்வளவு காலம் கிடைச்சது. போய் எடும்.”

போய் எடுத்தேன். அவர் இறந்த செய்தி வந்த அதே நாள் பிற்பகல் முடிவு வந்தது. ஒன்றுமில்லை. முதலில் சொல்ல வேண்டியவர் இல்லை. வேறு யாரிடமும் சொல்லவில்லை.

அறிவுரை எழுதியவருக்கு இதுதான் பதில். அவர் எதையும் தவறவிடவில்லை. நோய் நியாயம் பார்ப்பதில்லை. பார்த்திருந்தால் நான்தான் போயிருக்க வேண்டும்.

திங்கட்கிழமை இறுதிப் பூசையில் ஒரே ஒரு பெயர் வாசிக்கப்பட்டது. இந்தப் பதிவை எழுதியது யாரென்று ஸ்டெல்லா அக்கா ஊகித்துவிடுவார். என்றாலும் தன் கணவரின் அஞ்சலிக்குக் கீழே, நலமாக இருக்கும் என் பெயரை அவர் படிக்க வேண்டாம். சென்று வாருங்கள் அண்ணே. இங்கேயும் உங்கள் பெயர் ஒன்றே இருக்கட்டும். என் பெயரைப் போடாமல் பதிவிடுகிறேன்.