கார்குழலியின் இரட்டைக்கயிறு

கார்குழலியின் எடை நாற்பத்தேழு கிலோ. அவள் கீழே நின்று கயிறு பிடிக்க, பாறையில் ஏறும் கமலவேணியின் எடை எழுபத்திரண்டு. கார்குழலி புதுச்சேரியில் ஒரு மருத்துவமனையில் டயாலிசிஸ் டெக்னீஷியன். கமலவேணிக்குப் பெரிய மார்க்கெட்டில் பூக்கடை. மாதத்தில் இரண்டு ஞாயிறுகளில் அதிகாலைப் பஸ் பிடித்துச் செஞ்சிப் பக்கத்துப் பாறைகளுக்குப் போய்விடுவார்கள். ஆறு வருஷப் பழக்கம்.

போன வைகாசியில் ஒற்றைக் கயிற்றை விட்டு, 'அரைக்கயிறு' என்கிற இரட்டைக் கயிறுகளுக்கு மாறினார்கள். சிவப்பு ஒன்று, நீலம் ஒன்று, இரண்டும் மெல்லியவை. ஏறுகிறவள் ஒன்றைப் பாறையின் இடப்பக்கக் கொக்கிகளிலும் மற்றதை வலப்பக்கத்திலும் மாட்டிக்கொண்டே போகலாம். கீழே நிற்பவள்தான் ஒன்றை விட்டுக்கொண்டே மற்றதை இழுக்க வேண்டும். விழுகிறவளின் கயிற்றைக் கீழிருந்து பிடித்து நிறுத்தும் பிலே கருவி, கார்குழலியிடம் இருந்தது பழசு; அதில் ஒரு கயிறு நுழையத்தான் வழி இருந்தது.

புதிய கருவி தேடத் தொடங்கியதிலிருந்து அவளுக்கு ஒரே கனவு. கடலுக்குள்ளிருந்து இரண்டு கயிறுகள் அவள் உள்ளங்கை வழியாக வந்துகொண்டே இருக்கும். முனை மட்டும் வருவதேயில்லை. விழித்த பிறகும் விரல்கள் தாமாக அசைந்துகொண்டிருக்கும்.

கூட ஏறும் பூர்ணிமா, இரட்டை வாய் உள்ள இரண்டு கருவிகளை இரவல் கொடுத்தாள். வீராம்பட்டினம் கடற்கரைக்குப் பக்கத்தில் ஒரு பூவரசு மரக்கிளையில் கொக்கி மாட்டி, சோதித்துப் பார்க்க அதில் கயிறுகளைக் கோத்து, கார்குழலி தன் இடுப்பை அடிமரத்தோடு கட்டிக்கொண்டாள்.

முதல் கருவியின் வாய் அகலம். கயிறு தண்ணீர் மாதிரி ஓடியது.

"இதாண்டி. வழவழன்னு வருது பாரு" என்று சொல்லிக்கொண்டே கமலவேணி கயிறுகளின் மறுமுனையில் முழங்கால் உயரத்தில் தொங்கினாள். கார்குழலி இறுக்கிப் பிடித்தும் மெல்லிய கயிறுகள் வழுக்கின. கமலவேணி மெதுவாக இறங்கி மணலில் உட்கார்ந்து சிரித்தாள்.

இரண்டாவதற்குக் குறுகலான வாய், ஓரத்தில் பல் பல்லாக வெட்டு. ஒரு கையால் பிடித்தாலே கமலவேணி வழுக்காமல் அப்படியே தொங்கினாள். ஆனால் வேகமாகக் கயிறு விட்டால் சிக்கியது.

"சண்டித்தனம் பண்ணுதே. மேல கொக்கி மாட்றப்ப கயிறு வரலன்னா நான் என்னா பண்றது?"

"வுடறதுக்கு நான் பழகிக்கறேன்க்கா. வழுக்கினா பழகி என்னா பண்றது?"

கமலவேணி இடுப்பிலிருந்து கயிற்றை அவிழ்த்தாள். "புடிக்கறவ நீ. நீயே முடிவு பண்ணு."

கார்குழலி பல் வைத்ததையே வாங்கினாள். மூன்று வாரம் வேலைவிட்டு வந்ததும் ஜன்னல் கம்பியில் கட்டி, கண்ணை மூடிக்கொண்டு விட்டு இழுத்துப் பழகினாள்.

ஆடி பிறந்து முதல் ஞாயிறு. பாறைமேல் வெயில் இன்னும் ஏறவில்லை. மூன்றாவது கொக்கியைத் தாண்டியதும் கமலவேணியின் இடது கால் நழுவியது. சத்தமே இல்லை. சிவப்புக் கயிறு விறைத்தது. கார்குழலியின் கால்கள் தரையை விட்டு எழும்பின.

கருவி கடித்துப் பிடித்திருந்தது. மேலே ஒருத்தி, கீழே ஒருத்தி, இருவரும் அந்தரத்தில் லேசாக ஆடினார்கள். தூரத்து ஏரியில் மேகம் ஒன்று போய்க்கொண்டிருந்தது. கார்குழலிக்கு உடம்பில் எடையே இல்லாத மாதிரி இருந்தது. பயம் வர மறந்துவிட்டது.

"இருக்கியாடி?"

"இருக்கேன்க்கா."

"கொஞ்ச நேரம் இப்பிடியே இருக்கலாமா?"

இருந்தார்கள். பிறகு கமலவேணி மேலேறி, நழுவிய அதே விளிம்பில் மறுபடியும் காலை வைத்தாள். கால் நின்றது; கார்குழலியும் தரையில் இறங்கினாள்.

"நீலத்த வுடு!" என்று மேலிருந்து குரல் வந்தது. நீலக் கயிறு சிக்காமல் போனது.