கதவுக்கு வெளியே கேட்ட பாட்டு

நான் தேயிலைக் கொழுந்து எடுக்கிறவள். டிக்கோயாவுக்கு மேலே எங்கள் தோட்டம். கடலோரம் இருக்கிற காலி நகரத்துக் கோட்டைக்கு ஒரே ஒரு தடவைதான் போயிருக்கிறேன். பாட்டுக் கேட்கப் போனேன்.

அங்கே ஆகஸ்ட் மாசம் வெள்ளைக்காரப் பாட்டுக் கச்சேரி நடக்குமாம். அவங்க நாட்டில் அப்போது வெயில் கால லீவு. எங்கள் மலையில் மழை கொட்டும். அந்த வருசம் எங்கள் பக்கத்துப் பள்ளிக்கூடப் பிள்ளைகளையும் பாடக் கூப்பிட்டார்கள். என் மகளும் அதில் ஒருத்தி. ஒரு இடத்தில் அவள் மட்டும் தனியாகப் பாட வேண்டும் என்று டீச்சர் சொல்லியிருந்தார்.

அந்தப் பாட்டை நான் கேட்டதில்லை. நாங்கள் இருக்கிற லயத்து வரிசை வீட்டில் பாட மாட்டாள். பக்கத்துக் காம்பராவில் சிரிப்பார்கள் என்று வெட்கம். பள்ளிக்கூடத்திலேயே பழகினாள். "அங்க வந்து கேளுங்கம்மா" என்றாள்.

டிக்கட் எடுத்து நாங்கள் போகிற இடமா அது. காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கப் பெரட்டுக்கு நிற்கும்போது, எங்கள் வேலையைப் பார்க்கிற கண்டாக்கையா ஒரு சேதி சொன்னார். கச்சேரிக்கு வருகிறவர்களுக்கு எங்கள் தோட்டத்துத் தேத்தண்ணி கொடுக்கணுமாம். நாலு பொம்பளைகள் வேணுமாம். வேனில் கூட்டிப் போவார்களாம். நான்தான் முதலில் கையைத் தூக்கினேன்.

போனதும் புதுச் சேலை கொடுத்தார்கள். ஆளுக்கொரு பிரம்புக் கூடையும் கொடுத்து முதுகில் மாட்டச் சொன்னார்கள். நாங்கள் கூடை மாட்டி ரொம்ப நாளாச்சு. இப்போது சாக்குப் பைதான். வெறுங்கூடை முதுகில் நிற்காது, ஆடும். தேத்தண்ணி ஊத்த எதுக்குக் கூடை என்று என்னோடு வந்த அக்கா கேட்டாள். "கூடை இல்லாட்டி நம்மளயும் கச்சேரிக்கு வந்த ஆளுன்னு நெனச்சிருவாங்க" என்றாள் இன்னொருத்தி. சிரித்தோம்.

மண்டபத்துக்கு வெளியே, கோட்டை மதில் ஓரம் எங்கள் மேசை. மகள் வெள்ளைச் சட்டையோடு உள்ளே போனாள். கையைக் காட்டினாள். உள்ளே ஓரமாக நின்று கேட்கலாமா என்று எங்களைப் பார்த்துக்கொண்ட தம்பியிடம் கேட்டேன். முடியாது என்றார். கோப்பைச் சத்தம்கூட உள்ளே கேட்கக் கூடாதாம்.

கதவைச் சாத்தினார்கள். மதிலுக்கு அந்தப் பக்கம் கடல் அடித்துக்கொண்டே இருந்தது. வயலின் சத்தம் கொஞ்சம் வரும். கடல் அதை அமுக்கிவிடும். நான் கதவுப் பக்கமே காதை வைத்து நின்றேன்.

பிறகு வயலின் எல்லாம் நின்று, ஒரு பொம்பளைப் பிள்ளைக் குரல் மட்டும் வந்தது. மெலிசாக வந்து மேலே ஏறி அங்கேயே நின்றது.

"என் புள்ளக்கா" என்றேன்.

அக்கா கோப்பையைக் கீழே வைத்துவிட்டாள். "பின்ன, ஒன் தொண்டைதானே. நீ மலையில கத்துனா கீழ் லயத்துக்குக் கேக்குமே" என்றாள். உள்ளே கை தட்டினார்கள். ரொம்ப நேரம் தட்டினார்கள். அந்த நேரம் ஒருத்தர் வந்து எங்களைப் படம் எடுத்தார்.

கச்சேரி முடிந்து வெளியே வந்தவர்களுக்கு ஊத்திக் கொடுத்தேன். நீங்க கை தட்டினது என் மகளுக்கு என்று சொல்ல எனக்கு அவங்க பாஷை தெரியாது. கோப்பையை நிறைய ஊத்தினேன்.

கடைசியில் பிள்ளைகள் வந்தார்கள். மகள் முகம் சரியில்லை. களைப்பு என்று நினைத்தேன்.

"நல்லா பாடுன புள்ள. வெளிய வரைக்கும் கேட்டிச்சு."

கூட நின்ற பிள்ளைதான் சொன்னாள். "ஆன்ட்டி, எங்கள பாட விடல. நேரம் போயிருச்சுன்னுட்டாங்க. அது வெளிநாட்டு அக்கா பாடுனது."

டீச்சரிடம் கேட்டு மகளை எங்கள் வேனிலேயே கூட்டி வந்தேன். பெத்தவளுக்கே குரல் தெரியலையே என்றாள் அக்கா. விளையாட்டுக்குத்தான் சொன்னாள். மலைப் பாதை தொடங்கும் கினிகத்தேனை ஏற்றத்தில்தான் மகள் வாயைத் திறந்தாள்.

"என்னைய மாதிரியாம்மா இருந்திச்சு?"

"ஆமா."

"ஒங்களுக்கு எப்புடித் தெரியும்? நான் பாடி நீங்க கேட்டதே இல்லையே."



அந்தப் படத்தைப் பெரிசாக்கித் தோட்ட ஆபீசில் மாட்டியிருக்கிறார்கள். வெறுங்கூடையோடு நாலு பேர். நான்தான் வாய் நிறையச் சிரிக்கிறேன். வருகிறவர்களுக்கு அதைத்தான் காட்டுகிறார்கள்.

மகள் இப்போது அட்டன் டவுனில் ஒரு உடுப்புக் கடையில் வேலைக்கு நிற்கிறாள். அந்தப் பாட்டைப் பாடு புள்ள என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை கேட்டேன். மறந்து போச்சு என்றாள். திரும்ப நான் கேட்கவில்லை.