கடைசி வரிசை ஓனர்

"ஓனர் நானு, மேனேஜர் நானு, டீ வாங்கப் போற ஆளும் நானு" என்று சொல்லிக்கொண்டே கருத்தக்கண்ணன் வந்தவருக்கு ஸ்டூலைத் துடைத்துப் போடுகிறார். அவனியாபுரம் பைபாஸ் ஓரத்துத் தகர ஷெட். முன்பாதியில் ஷேர் ஆட்டோக்கள் வயிற்றைத் திறந்துகொண்டு கிடக்கும். பின்பாதியில், பச்சைத் தார்ப்பாய்க்கு அடியில், 'வைகை ரேசிங்' அணியின் ஒரே பந்தய பைக். விமானம் தாழப் பறந்தால் பேச்சை நிறுத்துவார். அது போனதும் விட்ட சொல்லிலிருந்து தொடர்வார்.

ஏன் அந்தப் பெயர் என்று கேட்டால், "ஆத்துல தண்ணி ஓடுற அன்னைக்கு நம்ம வண்டியும் ஓடும்ணே" என்பார். கேட்டவர் சிரிப்பதற்குள் தான் சிரித்துவிடுவார். கேலியில் மட்டும் அவரை யாரும் முந்தியதில்லை.

இளவயதில் அவரும் ஓட்டியவர்தான். முதல் பந்தயத்தின் முதல் வளைவிலேயே வண்டி ஒரு பக்கமும் அவர் ஒரு பக்கமுமாகப் போனார்கள். இடது முழங்கை இன்றும் முழுதாக நீளாது. "வண்டிக்கு ஒண்ணும் ஆகல. வண்டி நல்ல வண்டி, ஆளுதான் சரியில்லன்னு அப்பவே புரிஞ்சு போச்சு" என்பார். அதன்பின் ஓட்டுவதை விட்டு, ஓட்டவைப்பவர் ஆனார். அவர் மனைவி சுபலட்சுமி சொந்தக்காரர்களிடம் முகம் மாறாமல் சொல்வது: "எங்க வீட்டுக்காரருக்கு ஒரு சின்ன வீடு இருக்கு. அது பெட்ரோல் குடிக்கும்."

பதினெட்டு வருடத்தில் வைகை ஒருமுறைகூட முதலில் வந்ததில்லை. போன வருடம் வந்திருக்கும்.

கோயம்புத்தூர் பந்தயத்தில் அவருடைய வண்டியை ஓட்டியவள் ரோகிணி. திருநகர்ப் பெண், கல்லூரி முடித்தவள். பாதிப் பந்தயத்தில் எல்லோரையும் தாண்டிப் போனாள். கருத்தக்கண்ணன் அணிகள் நிற்கும் சுவரோரம் நின்றபடி, தப்பான வண்டியைப் பார்க்கிறோமோ என்று கண்ணைக் கசக்கிக்கொண்டார். கடைசிச் சுற்றுக்கு முந்தைய சுற்றில் அவள் கடந்தபோது வண்டிக்கு அடியிலிருந்து மெல்லிய நீலப் புகை கிளம்பியது. எண்ணெய் கசிகிறது. பின்சக்கரத்தில் பட்டால் அடுத்த வளைவில் வழுக்கும், படாமலும் போகலாம். அவள் மறுபடி வந்து சேரும்வரை அவர் அந்தப் 'போகலாம்' என்பதையே நினைத்துக்கொண்டிருந்தார். அவள் தெரிந்ததும் இரண்டு கைகளையும் தூக்கி, வெளியே வா என்று காட்டினார். இடது கை பாதிதான் உயர்ந்தது.

வந்தவள் ஹெல்மெட்டைத் தரையில் வைத்த வேகத்தில் அது உருண்டது.

"இன்னும் ஒரு சுத்துதாண்ணே இருந்துச்சு."

"அந்த ஒரு சுத்துக்குத்தான் தாயி நிப்பாட்டுனேன்."

குனிந்து பார்த்தாள். அவளுடைய பூட்ஸ் எண்ணெயில் ஊறியிருந்தது. அவர் வேனுக்குப் பின்னால் போய், தண்ணீர் குடிப்பதுபோல் வெகுநேரம் நின்றார். திரும்பும் வழியில், ஒட்டன்சத்திரத்து டீக்கடையில்தான் பழைய குரல் வந்தது: "எல்லா டீமையும் அடுத்த டீம்காரன் தோக்கடிப்பான். நம்ம டீமைத் தோக்கடிக்க ஓனர் ஒருத்தனே போதும்."

அடுத்த மாதமே சென்னை அணி ஒன்று ரோகிணியை அழைத்தது. வைகைக்கு ஒரு வெற்றி வாங்கித் தராமல் போகமாட்டேன் என்றாள். "இங்க இருந்தா வண்டி தள்ளத்தான் நல்லாப் பழகுவ. ஓட்டணும்னா அங்க போ" என்று அனுப்பிவைத்தார். அவள் முதல் ஆள் அல்ல. இந்த வருடப் பந்தயத்தில் முன்வரிசையில் நின்றவர்களில் பாதிப்பேர் அவருடைய ஷெட்டில் பழகி, வேறு அணிகளுக்குப் போனவர்கள். "முன்னால பாத்தா நம்ம ஆளுக, பின்னால பாத்தா நம்ம வண்டி" என்கிறார்.

அந்தப் பந்தயத்தில் ரோகிணி முதலில் வந்தாள். மறுநாள் சென்னை அணியின் ஜாக்கெட்டோடு ஷெட்டுக்கு வந்தாள். வெக்கை தாங்காமல் அதைக் கழற்றியதும் கருத்தக்கண்ணன் வாங்கி, முதுகுப்புறத்து அணிப் பெயரும் அவள் பெயரும் தெரியாதபடி சுவரைப் பார்த்து ஆணியில் மாட்டினார். போட்டி அணிக்காரன் சட்டை நம் ஷெட்டில் தொங்குவதை ஊர் பார்த்தால் மானம் போய்விடும் என்றார். அவள் டீ குடித்தபடி சிரித்தாள்.

ஆட்டோ எடுக்க வந்த சிவனாண்டி, பாப்பா யாரு என்று விசாரித்தார்.

கருத்தக்கண்ணன் கைக் கிரீஸைத் துணியில் அழுத்தித் துடைத்தார். ஆணியிலிருந்து ஜாக்கெட்டை எடுத்து, அவள் பெயர் ரோட்டைப் பார்க்கும்படி திருப்பி மாட்டினார்.