மாட்டுக்குள் புகுந்த காத்து

செவ்வாய்க்கிழமை காலை வாசலில் வந்து நின்ற சைக்கிளில் எண்ணெய்ப் போத்தல் தொங்கவில்லை. அதைத்தான் முதலில் பார்த்தேன். பிறகுதான், இறங்கியவர் மாட்டு வைத்தியம் பார்க்கும் டிரஸ்ஸர் சின்னத்தம்பி மாமா இல்லை, அவருடைய மகன் என்று தெரிந்தது. "அப்பா போயிட்டார். தூக்கத்திலேயே," என்றார்.

எங்கள் காஜா பேராங்கில் மாடு வைத்திருக்கும் எல்லாருக்கும் மாமாவைத் தெரியும். கம்போங் செட்டி என்ற செட்டிமார் கிராமத்தில் பிறந்தவர்; தமிழ் வம்சம்தான், ஆனால் வீட்டில் பேச்சு மலாய்தான். தமிழ் நம்மிடம் கற்றுக்கொண்டது, அதுவும் பாதி.

இந்த மலாய் நாட்டுக்குச் சுதந்திரம் வந்த வருஷம் எங்கள் லட்சுமிக்கு வயிறு உப்பி மூச்சு முட்டியது. அவள் பாலை விற்றுத்தான் எங்களுக்குச் சோறு. மாமா வயிற்றைத் தட்டிப் பார்த்து, "அக்கா, மாடு உள்ள காத்து பூந்துருச்சி!" என்றார். வயிறு உப்பினால் மலாயில் அப்படித்தான் சொல்வார்கள். அம்மாவோ காத்துக்கருப்பு என்று நினைத்து வேப்பிலைக்கு ஓடினாள். பதற்றத்தில் எண்ணெய் என்ற சொல் மறந்து மாமா, "மின்யாக்! மின்யாக்!" என்று கத்தினார். அம்மா எண்ணெய் கொண்டுவந்து விளக்கு ஏற்றினாள்.

ஆட்கள் முன்னால் வாய் திறக்காத நான், "அம்மா, அது வயித்துக் காத்து! எண்ணெயை மாட்டுக்கு ஊத்தணும்!" என்று கத்திவிட்டேன். எண்ணெய் உள்ளே போனதும் லட்சுமி ஏப்பம் விட்டாள் பாருங்கள்! விளக்குச் சுடர் ஒரு முழம் எழும்பியது என்று அம்மா இன்றும் சத்தியம் செய்கிறாள்.

எந்த ஊர்ப் பக்கத்து மாடு எவ்வளவு காற்று விடுகிறது என்று மாமா ஒரு நோட்டில் எழுதிவந்தார். மாட்டின் பக்கத்தில் முக்காலி போட்டு ஏப்பம் எண்ணுவார். உஜோங் பாசிரில் கடலோரப் புல், இங்கே புண்ணாக்கு, புக்கிட் காதிலில் ரப்பர் மரத்தடிக் கொடி. "புல் வேற, காத்தும் வேற," என்பார்.

"என்ன டிரஸ்ஸர், இன்னிக்கு எத்தனை ஏப்பம்?" என்று காப்பிக் கடையில் சீண்டுவார்கள்.

"உன்னோடதையும் சேர்த்தா?" என்பார்.

மழைக்குப் பின் இளங்கொடி மேய்ந்த மாடுகள்தான் அதிகம் உப்பின. புக்கிட் காதிலில் போன மாதம்கூட இரண்டு செத்தன. "நான் காத்துன்னு சொன்னா அங்க பூசாரியக் கூப்பிடறாங்க. நீ வந்து சொல்லு பிள்ள," என்றார் மாமா அப்போது. நாலாம் வகுப்போடு நின்ற நானா சொல்வது என்று ஒளிந்துகொண்டேன். "மாடு முன்னாடி கத்தினியே, மனுசன் கடிப்பானா?" என்று சிரித்தார்.

அவர் போன பிறகு அந்தக் கேள்விதான் என்னிடம் இருக்கிறது.

நேற்று மழை விட்டதும் புக்கிட் காதில் போய் முதல் வீட்டுக் கதவைத் தட்டினேன். "அக்கா, மழை விட்டதும் மாட்டை உடனே கொடியில விடாதீங்க, வயிறு உப்பிரும். முதல்ல காய்ஞ்ச புல் போடுங்க," என்றேன்.