குதிகாலில் குத்திய ஊசி

சனிக்கிழமை காலை 6.50. பிரிக்பீல்ட்ஸ் வீட்டிலிருந்து நடந்து போய், கோலாலம்பூர் ரயிலடியில் கிள்ளான் வண்டி ஏறினேன். மூன்றாம் வகுப்பு, நாற்பத்தைந்து காசு. பையில் ஆறு கண்ணாடிச் சில்லுகளும் சுரண்ட மழுங்கிய கத்தி ஒன்றும் கீறச் சிறு கூர்க்கத்தி ஒன்றும் இருந்தன. ஆஸ்பத்திரிச் சோதனைக்கூடத்தில் பதினெட்டு ஆண்டுகளாக எனக்கு இவற்றோடுதான் வேலை.

பந்திங் சாலையில் ஒரு ரப்பர்த் தோட்டத்தில் கால்வாய் வெட்டுகிறான் என் மைத்துனன் முத்தையன். அவனுக்குப் பெருவியாதி என்று தோட்டத்தில் மருந்து கொடுக்கும் டிரசர் எழுதிவிட்டார். திங்கட்கிழமை தொழுநோயாளர் குடியிருப்புக்கு லோரியில் ஏற்றப்போகிறார்கள். அங்கே போனவர் திரும்புவது அரிது.

8.05. கிள்ளான். பாசார் அருகே பந்திங் பஸ். தோட்டத்தின் பெயரைச் சொன்னதும் டிரைவர் திரும்பிப் பார்த்தார்.

"அங்கயா சாமி? பெருவியாதிக்காரன் ஒருத்தன் இருக்கானாமே. தண்ணிகூடக் குடிக்காதீங்க."

தோட்டத்திலிருந்து பன்னிரண்டு மைல் தாண்டி, வதந்தி எனக்கு முன்பே கிள்ளானுக்கு வந்திருந்தது.

9.40. தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்துக்கு அப்பால், கால்வாய் தாண்டி, அத்தாப்பு ஓலை வேய்ந்த தனிக் குடிசை. முத்தையன் தேங்காய்ச் சிரட்டையில் சோறு தின்றுகொண்டிருந்தான். அவனுடைய மங்குத் தட்டைக் கங்காணி புதைத்துவிட்டாராம். சட்டையைக் கழற்றச் சொன்னேன். முதுகெங்கும், அறுத்த மரத்தில் தெரிவதுபோல வளையத்துக்குள் வளையம். ஒவ்வொன்றின் ஓரத்திலும் செதில். இது பூசணத்தால் வரும் படை. இந்த ஈர மண்ணில் நான் பலமுறை கண்டது.

டிரசரை வரவழைத்தேன். கங்காணியும் கூட வந்தார்.

"ஊசி குத்திப் பார்த்தேன், உணர்ச்சியே இல்ல," என்றார் டிரசர்.

"எங்கே குத்தினீர்கள்?"

"குதிகால்ல. படையத் தொட்டா எனக்கு ஒட்டிக்காதா?"

பதினைந்து வருடம் வெறுங்காலோடு மண் வெட்டிக் காய்த்துத் தடித்துப்போன குதிகால். இவரோ பூட்ஸ் போட்டவர். அதே ஊசியை வாங்கித் துடைத்து, செருப்பே போட்டறியாத கங்காணியைக் காலை நீட்டச் சொன்னேன். நீட்டி, முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"எப்ப குத்துவீங்க?"

"குத்தியாயிற்று."

முத்தையன் மனைவி அஞ்சலை கால்வாய்க்கு அந்தப் பக்கமிருந்து கேட்டாள்: "அப்ப கங்காணியார் தட்டையும் பொதைச்சிடலாமா?"

கீழே கிடந்த கோழி இறகால் முத்தையன் முதுகின் படையில் வருடினேன். நெளிந்தான்.

"கூசுது, விடுங்க மச்சான்."

அப்போதும் டிரசர் அசையவில்லை. "பெரிய டாக்டர் கையெழுத்து இல்லாம லோரிப் பட்டியல்ல இவன் பேரை அடிக்க மாட்டேன்."

செதிலைச் சுரண்டி ஒரு சில்லிலும், காதுமடலைக் கீறிக் கசிந்ததை இன்னொன்றிலும் எடுத்தேன்.

பகல் 1.15. திரும்பும் பஸ். சில்லுகளை மடியில் வைத்துக்கொண்டே வந்தேன்.

மாலை 4.30. ஆஸ்பத்திரிச் சோதனைக்கூடம். செதிலில் காரநீர் விட்டுச் சூடுகாட்டி, நுண்ணோக்கியில் வைத்தேன். கிளைவிட்ட பூசண இழைகள் நிறையத் தெரிந்தன. காதுமடல் சில்லுக்குச் சாயம் ஏற்றித் தேடினேன். பெருவியாதிக் கிருமி ஒன்றுகூட இல்லை. பெரிய டாக்டரும் பார்த்துக் கையெழுத்திட்டார். இதற்கு ஆனது ஒரே மாலை. அந்தக் குடிசையில் அவன் இருந்ததோ பத்தொன்பது நாள்.

6.20. தபாலாபீசில் தோட்டத்துக்குத் தந்தி கொடுத்தேன். சொல்லைக் குறைக்கச் சொன்னார் குமாஸ்தா, நான் குறைக்கவில்லை. "பெருவியாதி அல்ல, படை. டாக்டர் கடிதம் வருகிறது. தட்டைத் தோண்டிக் கழுவிக் கொடுக்கவும்."

திங்கட்கிழமை லோரி வெறுமையாகத் திரும்பியது. முத்தையன் லயத்துக்கு வந்துவிட்டான், களிம்பு பூசுகிறான். தட்டைப் புதைத்த இடம்தான் கங்காணிக்கு நினைவில்லையாம். அஞ்சலை எழுதியிருக்கிறாள்.

கங்காணியே தேடட்டும். புதுத் தட்டு வாங்கி அனுப்ப எனக்கு வழியுண்டு; அனுப்பமாட்டேன்.