இரண்டு சீற் காருக்கு ஒரு சரியான விலை

என் பெரியம்மாவிடம் ஒரு கார் இருந்தது என்று சொன்னால் யாரும் வியப்படைய மாட்டார்கள். அது இரண்டே பேர் இருக்கக்கூடிய, துணிக்கூரையை மடித்துவிட்டு ஓடக்கூடிய, சிவப்பு நிறப் பழைய ஸ்போர்ட்ஸ் கார் என்றும், அறுபது வயதைத் தாண்டிய பிறகும் சேலை உடுத்துக்கொண்டு அவரே அதை ஓட்டினார் என்றும் சொன்னால்தான் கொஞ்சம் நிமிர்ந்து பார்ப்பார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் உடுப்பிட்டித் தேவாலயத்துக்கு நாங்கள் அதில்தான் போவோம். போதகரின் சைக்கிளுக்குப் பக்கத்தில் அதை நிறுத்திவிட்டுப் பெரியம்மா பாட்டுப் புத்தகத்தோடு இறங்குவார்.

பெரியப்பா காங்கேசன்துறைச் சீமெந்து ஆலையில் எஞ்சினியராக இருந்த காலத்தில், நாடு திரும்பிய ஒரு வெள்ளைக்காரரிடம் வாங்கிய கார் அது. சண்டைக்குப் பயந்து காங்கேசன்துறையை விட்டு ஓடியபோது, மகனை மடியில் வைத்துக்கொண்டு பெரியம்மா உடுப்பிட்டி வீட்டுக்கு வந்து சேர்ந்ததும் அதில்தான். பெற்றோல் கிடைக்காத வருடங்களில் அது மண்ணெண்ணெயில் ஓடியது. நான் போய்ச் சேர்ந்தபோது சண்டை முடிந்திருந்தது. பெரியப்பா இறந்து பல வருடம். மகன் ரொறன்ரோவில். அத்தனை அறைகளுள்ள வீட்டில் பெரியம்மா ஒருவர்தான்.

எனக்கு அப்போது ஒன்பது வயது. அப்பா கட்டாரில் வேலை செய்தார். அம்மா கிளிநொச்சி ஆஸ்பத்திரியில் தாதி. உடுப்பிட்டியில் பள்ளிக்கூடங்கள் நல்லவை என்று என்னைத் தன் அக்காவிடம் விட்டுவிட்டு, மாதத்தில் ஒருமுறை வந்து பார்ப்பார். பெரியம்மா கணித ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். அதிகம் கதைக்கமாட்டார். கொஞ்ச நாளில் நானும் அப்படியே ஆகிவிட்டேன். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் கார்க் கொட்டிலுக்குப் போய் இடது பக்கச் சீற்றில் ஏறி இருப்பேன். அம்மா ஓட்டுகிறார், நாங்கள் எங்கேயோ போகிறோம் என்று நினைத்துக்கொள்வேன். சில நாட்களில் அம்மாவின் முகம் சரியாக நினைவுக்கு வராது. அந்த நாட்களில் ஓட்டுபவர் இல்லாமலே போவேன்.

தனியே இருந்தது போதும், தன்னிடம் வந்துவிடுங்கள் என்று மகன் ஒவ்வொரு வாரமும் தொலைபேசியில் சொல்வார். ஒருநாள் பெரியம்மா, "காரை ஒரு நியாயமான விலைக்குக் குடுத்திட்டு வாறன்" என்றார். மகன் அதைச் சம்மதமாக எடுத்துக்கொண்டு, படத்தோடு இணையத்தில் விளம்பரம் போட்டுவிட்டார்.

ஆட்கள் வரத் தொடங்கினார்கள். இழுத்து மூடிய எங்கள் வீட்டில் திடீரென்று மனிதக் குரல் கேட்டது எனக்குப் பெரிய சந்தோஷம். பெரியம்மா எல்லாருக்கும் தேநீர் கொடுப்பார். அதன் பிறகு பரீட்சை தொடங்கும். வந்தவர் ஒரு தொகையைச் சொன்னதும், அது எப்படி வந்தது என்று கேட்பார்.

"செய்கைவழி இல்லாமல் விடையை மட்டும் சொன்னால் நான் என்னெண்டு புள்ளி போடுறது?"

துருவேறிய கறளைக் காட்டி விலை குறைத்தவர்களிடம், அந்தக் கறள் எவ்வளவு ஆழம் என்று கேட்பார். கறளைக் கவனிக்காதவர்களுக்கு அவரே கால்விரிப்பைத் தூக்கி, ஓட்டை விழுந்த தரையைக் காட்டுவார். இரண்டு வகையினரும் திரும்பிப் போனார்கள்.

கொழும்பிலிருந்து கறுப்புக் கண்ணாடி போட்ட ஒருவர் வந்தார். காரை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, "முப்பது இலட்சம் தாறன் அம்மா. சண்டைக்குள்ள தப்பின கார். அதுக்கே தனி மதிப்பு" என்றார்.

"தப்பினதுக்கு விலை போட ஏலாது தம்பி" என்றார் பெரியம்மா. "இது மண்ணெண்ணெய் குடிச்ச எஞ்சின். கூரைத் துணி நெல்லியடியிலை தைச்சது. முன் மட்காட் வேறை காரின்ரை. முப்பது கூட."

"கூடத் தாறது நான்தானே. உங்களுக்கென்ன நட்டம்?"

"பிழையான விடைக்கு நான் சரி போடுறதில்லை."

அவர் சிரித்தார். பெரியம்மா சிரிக்கவில்லை என்று கண்டு, தேநீரை முடிக்காமலே போய்விட்டார். அன்று தொலைபேசியில் மகனின் குரல் எனக்கும் கேட்டது. நான் மட்டும் பெருமையில் மிதந்தேன். என் பெரியம்மாவைப்போல நேர்மையான ஆள் உலகத்தில் இல்லை. சரியான விலை வரவேண்டும் என்று தினமும் ஜெபம்கூடச் செய்தேன்.

அது வந்தது, முக்காடு போட்ட ஓர் இளம்பெண்ணின் வடிவத்தில். யாழ்ப்பாண நகரத்தில் அவருடைய தகப்பன் பழைய கார்களுக்கு உதிரிப்பாகம் விற்றவராம். சண்டைக் காலத்தில் முஸ்லிம்களை வெளியேற்றியபோது சிறு பிள்ளையாக ஊரைவிட்டு அனுப்பப்பட்டு, புத்தளத்தில் வளர்ந்து, இப்போது திரும்பி வந்து அதே தெருவில் கடை திறந்திருந்தார். "ரீச்சர், கொஞ்சம் நேரம் எடுக்கும், பரவாயில்லையோ?" என்று கேட்டுவிட்டு, பாயை விரித்துக் காருக்கு அடியில் படுத்துக்கொண்டார். நான் ரோச் வெளிச்சம் பிடித்தேன். வெளியே வந்து கை கழுவியதும் ஒரு தாள் கேட்டார். நல்ல நிலையில் உள்ள காருக்குக் கொழும்பில் என்ன விலை போகிறது என்று மேலே எழுதி, தரைக்கு, கூரைக்கு, மட்காட்டுக்கு என்று ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டு வந்தார்.

பெரியம்மா மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாசித்தார்.

"எஞ்சினுக்கு ஏன் இவ்வளவு கழிச்சனீர்?"

"வால்வு எல்லாம் மாத்தவேணும் ரீச்சர். மண்ணெண்ணெய் திண்டிட்டுது. எங்கடை வாப்பா எத்தினை எஞ்சினை இப்பிடிப் பார்த்தவர்."

"இதிலை திரும்பக் கூட்டியிருக்கிறீர்?"

"பதிவுப் புத்தகம் முதல் ஆளிலையிருந்து ஒழுங்கா இருக்கு. அதுக்குக் கூட்டத்தானே வேணும்."

கடைசி வரியில் பதினேழு இலட்சம் என்றிருந்தது. பெரியம்மா அதை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"உம்மடை கணக்குச் சரி" என்றார்.

நான் கைதட்டினேன்.

இரண்டு நாள் கழித்துக் காசோடு வந்து காரை எடுத்தபோது அந்தப் பெண், "றோட்டு வரைக்கும் நீங்களே ஓட்டிவந்து விடுங்கோவன் ரீச்சர்" என்று கேட்டார். "வேண்டாம் பிள்ளை. இனி அது உம்மடை கார்" என்று சொல்லிவிட்டுப் பெரியம்மா உள்ளே போய்விட்டார். வாசல் படலைவரை ஓடிப்போய்க் கைகாட்டியது நான்தான்.

அடுத்த மாதம் பெரியம்மா விமானம் ஏறினார். வீடு பூட்டப்பட்டது. என்னைப் பள்ளிக்கூட விடுதியில் சேர்த்தார்கள். பெரியம்மா திரும்பி வரவில்லை. ஆனால் இவை எவையும் கார் போன அன்று பின்னேரம் எனக்குத் தெரியாது. நான் உலகத்திலேயே சரியான விலை கிடைத்த சந்தோஷத்தில் இருந்தேன்.

அன்று பெரியம்மா சாப்பாட்டு மேசையில் அந்தத் தாளை விரித்து வைத்து, சிவப்புப் பேனையால் ஒவ்வொரு வரியாகத் தொட்டுக்கொண்டு போனார். தொலைபேசி அடித்தது, ரொறன்ரோவிலிருந்துதான் இருக்கும். அவர் எடுக்கவில்லை. கடைசி வரிக்கு வந்ததும் திரும்ப மேலிருந்து தொடங்கினார். ஏமாந்துவிட்டோமோ என்று பயப்படுகிறார் என அப்போது நினைத்தேன். எனக்கு அவர்மேல் இரக்கமாக இருந்தது. கதிரையை இழுத்துப் பக்கத்தில் போட்டு, நானும் கூட்டிக் கழித்துப் பார்த்தேன்.

"ஒரு பிழையும் இல்லைப் பெரியம்மா."

"வடிவாப் பார்த்தனியோ?"

"ஓம்."

"இன்னொருக்காப் பார், பிள்ளை."

வகுப்பில் கணக்கில் நான்தான் முதலாவது. இன்னொருமுறை பார்த்தேன். எல்லாம் சரி என்று அடித்துச் சொன்னேன்.